பத்து வருஷ உத்தரவாதம்

சுவருக்கு மண் எடுக்கும்போது மகட்டீசோ அம்மா முதலில் அதைத் தின்று பார்ப்பார். தின்று என்றால் வாய் நிறைய இல்லை. வலது சுண்டுவிரலை எச்சில் தொட்டு, மண்ணில் ஒற்றி, நாக்கின் நுனியில் வைக்காமல் நடுவில் வைப்பார். இடது கண் மூடிக்கொள்ளும். வலது கண் வானத்தைப் பார்க்கும். தாடை இரண்டு முறை அசையும். பிறகு காற்று எந்தப் பக்கம் வீசினாலும் கிழக்கே பார்த்துத் துப்புவார். அங்கே நிற்கிறவர்கள்தான் நகர்ந்துகொள்ள வேண்டும். நல்ல மண்ணாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். கெட்ட மண் என்றால், "இது இங்கேயே கிடக்கணும்னு ஆசைப்படுது" என்பார்.

மழையோடு போகத் தெரிந்த மண்தான் அவருக்கு நல்ல மண். எங்கள் மலைக்கிராமமான ஹா லெதூமாவில் எல்லாப் பெண்களும் மழைக்காலத்துக்கு முன் சாணியும் மண்ணும் குழைத்து வெளிச்சுவரைப் பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் முள்கரண்டியால் உழவுச்சால் மாதிரி கோடு இழுத்து, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மண்ணால் நிறம் கொடுப்பார்கள். பிறகு காத்திருப்பார்கள். மழை வந்து அழித்துவிட்டால், மேலே போன முன்னோர்கள் படித்துவிட்டார்கள், கேட்டது வந்துசேரும். அழிக்காமல் விட்டுவிட்டால் கேட்டது அப்படியே நிற்கிறது, பிரிக்காத கடிதம்போல.

மற்றப் பெண்கள் இதை ஒரு வழக்கமாகச் செய்தார்கள். மகட்டீசோ கூட்டுத்தொழிலாகச் செய்தார். "நான் பாதிதான் வரையறேன்" என்று சொல்லி மோவாயால் வானத்தைக் காட்டுவார். "மீதி அதோட வேலை. என் பாதில குத்தம் இருந்தா என்னைக் கேளு. அதோட பாதில குத்தம் இருந்தா நானே கேப்பேன்." கேட்கவும் செய்வார். வாசலில் நின்று இடுப்பில் கை வைத்து, கடன்காரனைக் கேட்பதுபோல வானத்தைக் கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக்குழுவில் முதல் வரிசை. இரண்டுக்கும் நடுவில் இடிக்கவில்லையா என்று பாதிரியார் ஒருமுறை கேட்டதற்கு, "அங்க உள்சுவர் ஃபாதர், இங்க வெளிச்சுவர்" என்றாராம்.

வயது ஐம்பத்து நாலு. கணவர் தோலோ சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இருமி இருமி இறந்தவர். அவருடைய மஞ்சள் தலைக்கவசத்தில்தான் மகட்டீசோ மண் குழைப்பார். கணவரின் ரப்பர் பூட்ஸையும் அவர்தான் போட்டுக்கொள்வார். இரண்டு அளவு பெரிது. வருகிறார் என்று பார்க்காமலே தெரியும்.

நான் சரிவின் கீழே உள்ள கிளினிக்கில் பதிவேடு எழுதுகிறவன். மதிய இடைவேளையில் கவிதைப் புத்தகத்தோடு வேலி ஓரம் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பூட்ஸ் சத்தம் வந்து எதிரே நின்றது.

"என்ன பேனாக்காரா, அதுல என்ன போட்டிருக்கு? படி பாப்போம்."

நாலு வரி படித்தேன். புதுக்கவிதை. ஒரு ஜன்னலும், யாரும் உட்காராத நாற்காலியும். மகட்டீசோ இடது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாடை இரண்டு முறை அசைந்தது.

"இது இங்கேயே கிடக்கணும்னு ஆசைப்படுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எந்தக் கவிதையைப் படித்தாலும் அந்தத் தாடைதான் நினைவுக்கு வருகிறது.

போன வருஷம் அவர் சுவரில் கேட்க இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வழக்கப்படி, மருமகள் வந்த அன்றே பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரை அவளுக்கு வைத்துவிடுவார்கள். மகன் கட்டீசோ கல்யாணம் முடித்துக் கூட்டிவந்த பெண்ணுக்கு, "இனி நீ மதோலோ" என்று மகட்டீசோ அறிவித்தார். தோலோவின் அம்மா. தோலோ இறந்துபோன கணவரின் பெயர். முறுக்குக் கொம்புள்ள பெரிய கலைமானின் பெயரும் அதுதான். நாலு வருஷமாக இல்லாத பிள்ளையின் பெயரால் ஊர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் வயிற்றில் வந்து, தங்காமல் போயின. இரண்டையும் பதிவேட்டில் எழுதியது என் கைதான். இப்போது மூன்றாவது, ஆறாம் மாதம். குழாயடியில் பெண்கள் முதலில் அவள் வயிற்றுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் முகத்துக்குச் சொன்னார்கள். வீட்டில் மகட்டீசோ ஒரு நாளைக்கு ஐந்து தடவை, "அசையுதா?" என்று கேட்டார். மதோலோ ஐந்து தடவையும், "அசையுதும்மா" என்றாள். அதிகம் பேசாத பெண்.

செப்டம்பரில் மகட்டீசோ ஓடைக்கரையில் எட்டு இடத்தில் தோண்டி, எட்டையும் தின்று, சிவப்பு மண் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தலைக்கவசம் நிறையக் குழைத்து வைத்தார். "இந்த மண்ணுக்குக் காலு இருக்கு. தூறல் போட்டாலே ஓடிடும்" என்றார். அந்த மாலையில்தான் எல்லை தாண்டிக் கட்டட வேலை செய்யும் கட்டீசோவிடமிருந்து டாக்ஸி வேனில் மூன்று டின் சாயம் வந்தது. நீலம், மஞ்சள், செங்கல் சிவப்பு. கூடவே ஒரு துண்டுக் காகிதம், படித்துச் சொன்னது நான்: "அம்மா, கஷ்டப்பட்டு மண் தோண்டாதே. இது உயர்ந்த சரக்கு. என் பிள்ளை இந்த நிறத்தைப் பார்த்துக் கண் திறக்கட்டும்."

டின்னின் மேல் படத்தில் ஒரு ஆள் குடை பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மகட்டீசோ யோசித்தது உண்மை. சுண்டுவிரலை நீலத்தில் ஒற்றி நாக்கில் வைக்கப் போனவரை மதோலோதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆனால் மகன் அனுப்பியது. அதுவும் எதிர்வீட்டு மந்த்வா பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து இறங்கியது. மந்த்வாவின் மகனும் எல்லை தாண்டி வேலை செய்கிறவன். அவன் அனுப்பியது இதுவரை ஒரு நாட்காட்டி.

"அந்த மண்ணைக் கொட்டிடு" என்றார் மருமகளிடம். மதோலோ தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. வயிற்றுப்பிள்ளைக்காரி மெதுவாகத்தான் நடப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் சுவர் முடிந்தது. கண் கூசியது. மஞ்சள் நடுவில் நீலச் சால்கள், சால்களுக்குள் சிவப்புப் புள்ளி. மலைப்பாதையில் குதிரையில் போனவர்கள் கடிவாளத்தை இழுத்து நின்று பார்த்தார்கள். மகட்டீசோ காலியான டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, பார்க்கிறவர்களைப் பார்த்தார்.

அக்டோபர் நாலாம் தேதி முதல் மழை. நல்ல மழை. ஊர்ச் சுவர்களெல்லாம் அழுதன. மந்த்வாவின் வெள்ளையும் சிவப்பும் கலந்து வாசலில் ஓடின. எங்கள் வீட்டுச் சுவரில் என் அக்கா இழுத்த கோடுகள் பத்தே நிமிஷத்தில் போயின. மகட்டீசோவின் சுவர் மட்டும் எருமைமேல் மழை பெய்ததுபோல நின்றது. குளித்துவிட்டு வந்ததுபோல இன்னும் பளபளத்தது.

இரண்டாம் மழை. மூன்றாம் மழை. மந்த்வா குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏ மகட்டீசோ, உன் சுவர்ல மழைக்கு உக்கார இடம் இல்லையா? வழுக்கி வழுக்கி என் வீட்டுக்கே வருது."

"போடி. வானம் ரசிச்சுப் பாத்துட்டு இருக்கு. அழிக்க மனசு வரலை."

"ரசிக்கட்டும், ரசிக்கட்டும். உன் புருஷன்கூட மேலேருந்து பாத்திருப்பாரு. என் வீடு எங்க காணோம், ஏதோ பெட்ரோல் பங்க் இருக்குதேன்னு போயிருப்பாரு."

ஊர் சிரித்தது. மகட்டீசோவும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் கிளினிக் வேலி ஓரம் வந்து நின்றவர் சிரிக்கவில்லை.

"பேனாக்காரா, போன ரெண்டு தடவையும் சுவர் சரியாப் போகலை. ஒரு வருஷம் வறட்சி. ஒரு வருஷம் எனக்கு முதுகுவலி, பாதிதான் பூசினேன். ரெண்டு தடவையும் நீதான் எழுதின. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"மூணாவது தடவையும் நீ எழுதக் கூடாது." என் சட்டைப்பையில் இருந்த பேனாவை, அதுதான் குற்றவாளி என்பதுபோலப் பார்த்தார்.

மறுநாள் காலை போர் தொடங்கியது. முதலில் வெந்நீரும் சவுக்காரமும். சுவர் நன்றி சொல்லாத குறை. பிறகு ஆற்றுமணலும் தேங்காய்நார் பிரஷ்ஷும். பிறகு, உப்புத்தண்ணீர் தெளித்து ஆட்டைக் கட்டிவைத்தார், நக்கட்டும் என்று. ஆடு உப்பை மட்டும் சுத்தமாக நக்கிவிட்டு, நீலச் சாலுக்குக் கீழே படுத்து அசைபோட்டது. பிறகு மேலேயே சாணிமண் பூசிப் பார்த்தார். பூசும்போது ஒட்டியது, காய்ந்ததும் தட்டுத் தட்டாக, சோளக்களி தீய்ந்து சட்டியிலிருந்து கழல்வதுபோல, உரிந்து விழுந்தது. ஒவ்வொரு தட்டு விழும்போதும் எதிர்வீட்டிலிருந்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று குரல் வந்தது.

மதோலோ பக்கத்திலேயே இருந்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், பிரஷ் கழுவினாள். பின்பக்கம் போய் விறகு எடுத்துவந்து களி கிண்டினாள். நன்றாகச் சாப்பிட்டாள். முணுமுணுப்பாக எதையோ பாடிக்கொண்டிருந்தாள். "பாரேன், இவளுக்குக் கவலையே இல்லை" என்றாள் மந்த்வா. குழாயடியில் இப்போது வேறு பேச்சே இல்லை. இன்றைக்குச் சுவருக்கு என்ன செய்தார்கள், நாளைக்கு என்ன செய்யப்போகிறார்கள்.

கிளினிக் வேலையாக நான் மஃபெட்டெங் நகரத்துக்குப் போன நாளில் மகட்டீசோவும் வேனில் ஏறிக்கொண்டார். மடியில் காலி டின். டின்னில் இருந்தது ஆங்கிலம் என்பதால் நான் உடன் வரவேண்டும் என்றார். எனக்குக் கடைக்காரர்களிடம் பேச வராது. அதுபற்றி அவர் கவலைப்படவில்லை. "நீ படி. பேசறது நான்."

கடைக்காரர் பெயர் செபோட்சா. குண்டான, பொறுமையான மனிதர். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன குறைம்மா?"

"போகமாட்டேங்குது."

"எது போகமாட்டேங்குது?"

"சாயந்தான். மூணு மழை அடிச்சாச்சு. ஒரு சொட்டு இறங்கலை."

செபோட்சாவின் முகம் மலர்ந்தது. "அதாம்மா இதோட பெருமை."

"பெருமையா? ந்தாடே, ஐயா, நான் குறை சொல்ல வந்திருக்கேன்."

"சரி. இது இங்க வாங்கினதா?"

"மகன் அனுப்பினான். ஆனா அதே குடைக்காரன் உங்க கடை வாசல்லயும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறானே. இந்த நாட்டுல மழையில குடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் சிரிச்சா, அவன் நம்ம பக்கத்து ஆளு இல்லைன்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும்."

கடையில் ஆணி வாங்க வந்த இரண்டு பேர் ஆணியை மறந்துவிட்டு அருகில் வந்தார்கள். செபோட்சா என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்துப் படித்தேன். "பத்து வருஷம் உத்தரவாதம். மழை, வெயில், பனி எதற்கும் அசையாது."

"எத்தனை வருஷம்?"

"பத்தும்மா."

மகட்டீசோ மெதுவாகக் கல்லாமேசையைப் பிடித்துக்கொண்டார். "என் மருமகளுக்கு டிசம்பர்ல பிரசவம் ந்தாடே. பிள்ளைக்காகப் போட்ட சுவரு. பத்து வருஷம் கழிச்சா அது வெளிய வரும்?"

செபோட்சா இப்போதுதான் புரிந்துகொண்டார். சிரிக்க இருந்த ஆணிக்காரர்களைக் கண்ணால் அடக்கினார். அவரும் ஒரு அம்மா பூசிய சுவருக்குள் பிறந்தவர்தானே. "சாயம் உரிக்கிற தண்ணி ஒண்ணு இருக்கு" என்று ஒரு புட்டியைத் திறந்தார். மகட்டீசோ மோந்து பார்த்து மூன்றடி பின்வாங்கினார். "இதை ஊத்தினா பிள்ளை மட்டுமில்லை, மேலே போனவங்களும் ஓடிடுவாங்க."

"அப்போ கொத்துங்கம்மா. சுவரு முழுக்கக் கொத்திவிட்டு, மேல மண்ணைப் பூசுங்க. கொத்தின பள்ளத்துல மண்ணு பிடிச்சுக்கும். பதினஞ்சு வருஷமா சாயம் விக்கிறேன். உரியுதுன்னு சண்டைக்கு வந்திருக்காங்க. உரியலைன்னு வந்தது நீங்கதான்."

"இனிமே விக்கும்போது கேட்டு வில்லுங்க. எதுக்கு வாங்கறாங்கன்னு."

கொத்து மூன்று நாள் நடந்தது. மண்வெட்டி, கோடாலியின் பின்புறம், முள்கரண்டி, கையில் அகப்பட்டது எல்லாம். இரண்டாம் நாள் மந்த்வா தன் வீட்டுக் களைக்கொத்தோடு வந்து ஒரு மூலையில் ஆரம்பித்தாள்.

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலை. வாசல்ல உக்காந்தா கண்ணு கூசுது. என் கண்ணுக்காகக் கொத்தறேன்."

மதோலோவும் முள்கரண்டியோடு வந்தாள். "நீ உக்காரு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள். உட்கார்ந்துகொண்டே கொத்தினாள்.

புதுப் பூச்சு பிடித்தது. மகட்டீசோ மறுபடி ஓடைக்குப் போய், மறுபடி தின்று, அதே காலுள்ள சிவப்பு மண்ணையும், கூடவே வெள்ளை, மஞ்சள் மண்ணையும் கொண்டுவந்தார். நவம்பர் இருபதில் சுவர் தயார். என் வாழ்க்கையில் பார்த்த சுவர்களில் அதுதான் அழகு. மேலிருந்து கீழே இறங்கும் சால்கள், ஒவ்வொன்றும் அடுத்ததன் தோளில் சாய்ந்து. போவதற்குத் தயாராக நிற்கும் கூட்டம்போல இருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. தாடை அசைந்துவிடுமோ என்று பயம்.

அதன்பிறகு மழை நின்றுவிட்டது.

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பத்தொன்பது நாள். வானம் துடைத்த தட்டுமாதிரி இருந்தது. மகட்டீசோ டின்மேல் உட்கார்ந்து அதை முறைத்தார். "என் பாதி முடிஞ்சுது" என்பார் காலையில். "கேக்குதா? முடிஞ்சுதுன்னு சொன்னேன்" என்பார் மதியம். சாயங்காலம் குரல் இறங்கிவிடும். "அந்த டின்னுக்காகக் கோச்சுக்காதே. பையன் தெரியாம அனுப்பிட்டான். எனக்கும் கொஞ்சம் பெருமை வந்துடுச்சு."

டிசம்பர் ஒன்பதாம் தேதி காலை மதோலோவுக்கு வலி கண்டது. கிளினிக்குக்குக் கூட்டிவந்தார்கள். மகட்டீசோ உள்ளே உட்காரவில்லை. தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் சரிவின் மேலே அவருடைய சுவர் தெரியும். அங்கேயே நின்றார். மதியம் தாண்டி மலைக்குப் பின்னால் கறுப்பு ஏறியது. காற்று குளிர்ந்தது. முதலில் இரண்டு பெரிய சொட்டு. பிறகு மழை இல்லை, ஆலங்கட்டி. தகரக்கூரையில் விழுந்த சத்தத்தில் நான் எழுதிக்கொண்டிருந்த வரி வளைந்துவிட்டது.

"வெள்ளை இறங்குது" என்றார் மகட்டீசோ, பிரசவ அறைக் கதவைப் பார்த்து, உரக்க.

"அம்மா, உள்ள வேலை நடக்குது" என்றார் நர்ஸ்.

"வெளியவும் நடக்குது. மஞ்சள் போகுது. மதோலோ, கேக்குதா, மஞ்சள் போகுது."

"அம்மா."

"சிவப்புக்குக் காலு வந்துடுச்சு. நான் சொன்னேன்ல. ஓடுது. ஓடுது."

கடைசி நிறம் போனது முதலா, அழுகை கேட்டது முதலா என்று ஊரில் இன்றும் வாதம் இருக்கிறது. எனக்கு இரண்டும் தெரியாது, ஆலங்கட்டிதான் கேட்டது. நர்ஸ் கதவைத் திறந்து, பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம் என்றார். நான் எழுதினேன். மகட்டீசோ என் தோளுக்குப் பின்னால் நின்று பேனா எங்கே போகிறது என்று பார்த்தார். பிறப்புப் பதிவேட்டில்தான் போகிறது என்று உறுதியானதும், தரையில் உட்கார்ந்து கணவரின் பூட்ஸைக் கழற்றினார். உள்ளே ஆலங்கட்டி இரண்டு இருந்தது. எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். தாடை அசைந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் மாற்றவில்லை. "பெண்ணுக்குப் போய் தோலோவா?" என்று மந்த்வா கேட்டதற்கு, "பெண் கலைமானுக்குக் கொம்பு கிடையாது, அவ்வளவுதான். நாலு வருஷமா அந்தப் பெயரு காத்துக்கிட்டு இருக்கு, இனிமே எங்க அனுப்பறது?" என்றார். ஆலங்கட்டியில் மந்த்வாவின் பூசணி அத்தனையும் உடைந்தது. "உன் பேத்தி வந்த செலவு" என்று ஒரு வாரம் எல்லோருக்கும் உடைந்த பூசணியைக் காட்டினாள். பிறகு அதையே அவித்து மதோலோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சுவரில் பூச்சும் கொஞ்சம் போய்விட்டது. கொத்தின இடங்களுக்கு நடுவே நீலம் அங்கங்கே எட்டிப்பார்த்தது. "அது இருக்கட்டும்" என்றார் மகட்டீசோ. "இன்னும் ஒம்பதே முக்கால் வருஷம்."

ஜனவரிக் கடைசியில் தோலோவை எடைபோட மதோலோ கொண்டுவந்தாள். தராசில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள். டின் வந்த அன்று தலைக்கவசத்து மண்ணை அவள் கொட்டவில்லை. பின்சுவரில், விறகு அடுக்குக்குப் பக்கத்தில், கை அகலத்துக்கு அந்தச் சிவப்பைப் பூசி, விரலால் நாலு சால் இழுத்துவிட்டுத்தான் வந்தாள். அக்டோபர் நாலாம் தேதி, முதல் மழையிலேயே அது போய்விட்டது.

"அப்போ அவ்வளவு கொத்தினாங்களே, அம்மாகிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"நாலு வருஷமா ஊரே என் வயித்தைத்தான் பாத்துச்சு. அந்த ரெண்டு மாசம் சுவரைப் பாத்துச்சு" என்றாள். "நல்லாத் தூங்கினேன்."

நாலு கிலோ எழுநூறு. எழுதிக்கொண்டேன்.